வயிற்றில் சோறு இருந்தால் வெட்ட மாட்டார்கள்

டீன் சார், அந்த அம்மாவின் கால் போனதற்குக் காரணம் நீங்கள். சர்க்கரை வியாதி இல்லை, படிப்பறிவு இல்லாதது இல்லை. நீங்கள்தான்.

இதை உங்கள் அறைக்கே வந்து சொல்லிப் பார்த்தேன். "உக்காருங்க மேடம், டீ சாப்பிடுங்க" என்றீர்கள். டீ வந்தது. பதில் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நயமாகப் பேசவும் வராது என்று நீங்களே ஒரு முறை சொல்லியிருக்கிறீர்கள். மற்றவர்களிடம் பேசுவதற்காகவே என்னை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்பது அப்போது உங்களுக்கு மறந்துவிட்டது.

நான் உங்கள் போதனா மருத்துவமனையின் உளவியலாளர். ஒரே உளவியலாளர். வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு போடுகிற கான்ட்ராக்டரோடு மேஸ்திரியாக வந்தவர். நான் பிறந்தது இங்கே அந்தமானில், வீடு கராச்சர்மாவில். மெயின்லேண்டுக்குப் போய்ப் படித்துவிட்டு, புத்தி இல்லாமல் கப்பலேறித் திரும்பி வந்தேன்.

மருத்துவமனையில் என் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள். காசநோய் மாத்திரையை ஒருவர் ஜன்னல் வழியாக வீசினால் மேடத்தைக் கூப்பிடு. பிள்ளை இறந்துபோன செய்தியைத் தகப்பனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையென்றால் மேடத்தைக் கூப்பிடு. மேல்படிப்பு டாக்டர் ஒருத்தி கழிவறையில் உட்கார்ந்து அழுகிறாளா, அதற்கும் மேடம்தான். வார்டு ஊழியர்கள் எனக்கு வைத்த பெயர் 'பாத் கர்னேவாலி மேடம்'. பேசுகிற மேடம். உங்கள் அலுவலகம் எனக்குக் கொடுத்த பதவிப் பெயரைவிட இது எவ்வளவோ மேல். குறைந்தபட்சம் நான் என்ன செய்கிறேன் என்றாவது இதில் இருக்கிறது.

எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று வகுப்பு எடுக்கிறேன். டைம்டேபிளில் எனக்குக் கிடைத்த நேரம், மெஸ்ஸில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிற நேரம். பாதிப் பேர் கண் திறந்துகொண்டே தூங்குவார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் கேள்விகளை நான் தயாரிப்பேன், நோயாளிகளிடம் நான் பேசுவேன், விடைகளை நான் தொகுப்பேன். கட்டுரை அச்சானதும் கடைசியில் ஒரு வரி வரும்: ஒத்துழைத்த ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி. அந்த 'அனைவரும்' நான்தான், சார்.

என் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. நான் ஒழுங்காக வேலை செய்தால் எதுவும் நடக்காது. ஜன்னல் உடையாது. டாக்டர் சட்டையை யாரும் பிடிக்க மாட்டார்கள். மாத்திரை உள்ளே போகும், நோயாளி சொன்ன நாளில் திரும்ப வருவார். நடக்காமல் போன சண்டைக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. அது எனக்குத் தெரியும். பொன்னாடைக்காக இதை எழுதவில்லை. என் வீட்டில் போர்வை இருக்கிறது.

எனக்கு ஓர் அறை உண்டு. டிரிப் ஸ்டாண்டுகள் வைக்கிற அறை. ஸ்டாண்டுகளுக்கு நடுவே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கதவில் பலகை கிடையாது. இந்த ஊருக்கே பெயர்ப்பலகை மாறி, போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. என் அறைக்கு மட்டும் பலகை கிடைக்கவில்லை. இல்லை, தவறு. பலகை இருக்கிறது. உங்கள் ஸ்டோரில் துணி சுற்றி வைத்திருக்கிறீர்கள். அங்கீகாரம் தருகிற ஆய்வுக் குழு மெயின்லேண்டிலிருந்து வரும்போது மட்டும் அதை வெளியே எடுத்து மாட்டுவீர்கள். குழு விமானம் ஏறியதும் ஸ்க்ரூவைக் கழற்றிவிடுவீர்கள். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த அம்மா.

ஒரு நாள் சர்ஜன் என்னைக் கூப்பிட்டார். வடக்கத்திக்காரர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பெரார்கஞ்ச் பக்கத்திலிருந்து ஒரு நோயாளி, சர்க்கரைப் புண், கால் விரல் இரண்டு கறுத்துவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்றார். இரண்டு முறை ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தும் இரண்டு முறையும் அந்த அம்மா காலையிலேயே சாப்பிட்டுவிட்டாராம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது. இரண்டு முறையும் தியேட்டர் காலியாகக் கிடந்தது.

"சமஜ் நஹீ ஹை உஸ்கோ. பட்டினி இருக்கணும்னு புரிய வைங்க. தஸ் மினட் கா காம் ஹை, மேடம். பஸ், தஸ் மினட்" என்றார். அந்த அம்மாவுக்குப் புத்தி இல்லையாம், எனக்கு இது பத்து நிமிட வேலையாம். அவர் ஒரு விரலை எடுக்கத் தியேட்டர், நர்சு, மயக்க மருந்து டாக்டர் எல்லாம் வேண்டும். நான் ஒரு மனுஷியின் மனதை மாற்றப் பத்து நிமிடம் போதும். என் திறமை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. பெற்றோர் இலங்கை மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டு, பிறகு இங்கே தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பம். அப்போது இவர் சிறு பிள்ளை. பிறகு வாழ்நாள் முழுக்கப் பெரார்கஞ்ச் பக்கத்துத் தோட்டத்தில் பாக்கும் கிராம்பும் பொறுக்கியிருக்கிறார். புருஷன் இல்லை. ஒரே மகள் கராச்சர்மாவில் வாடகை வீட்டில். இவர் தோட்டக் குவார்ட்டர்ஸில் தனியாக.

நான் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருங்க நீங்க? ஊசி போடுறவுகளா?"

"இல்லம்மா. பேசறவ."

"பேசுறதுக்குச் சம்பளமா?"

"ஏதோ கொஞ்சம்."

"எங்க கங்காணிக்கும் அதாங்க வேல" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்காளி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

முதல் நாள் புண்ணைப் பற்றி நான் பேசவே இல்லை. வார்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லாததைப் பற்றியும், இந்தப் பருவத்தில் பாக்கு விலை போகிற போக்கைப் பற்றியும் பேசினோம். சர்ஜன் கடந்து போகும்போது கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அடுத்த நாள்தான் கேட்டேன்.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலைல என்னம்மா சாப்பிட்டீங்க?"

"பன்னும் வாழப்பழமும்."

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

"மறந்துட்டீங்களா?"

"மறக்குறதுக்கு என்னாங்க இருக்கு? நர்சம்மா தெளிவாத்தான் சொல்லிச்சு. வயித்துல சோறு இருந்தா வெட்ட மாட்டாங்கன்னு." சொல்லிவிட்டுத் தலையணைக்குக் கீழே கையை விட்டுக் காகிதத்தில் சுற்றிய ஒரு பன்னை எடுத்துக் காட்டினார். அடுத்த முறைக்குத் தயாராக வைத்திருந்தார்.

"வேணாம்னு டாக்டர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"தொரகிட்டயா?" என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தொரகிட்ட யாராச்சும் முடியாதுன்னு சொல்லுவாங்களா? சரிங்க தொரன்னு சொல்லணும். அப்புறம் நம்ம பாட்டுக்கு இருக்கணும். எங்கம்மா அப்பா அப்படித்தாங்க மலையில பொழச்சாங்க."

சர்ஜன் அவருக்குத் தோட்டத்துத் துரை. நீங்களும் துரைதான், சார். சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். துரையிடம் வாயால் மறுக்கக் கூடாது. ஆகவே அவர் வயிற்றால் மறுத்தார். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான். அதற்குள் கேஸ் ஷீட்டில் 'நோயாளிக்குப் புரியவில்லை' என்று எழுதி முடித்திருந்தார்கள்.

சரி, ஏன் மறுத்தார்? ஆபரேஷன் பயம் என்று சர்ஜன் நினைத்தார். சாமி குற்றம், மூடநம்பிக்கை என்று மேல்படிப்பு டாக்டர் ஒருவர் நினைத்தார். மூன்றாவது நாள் அந்த அம்மாவே சொன்னார்.

"கால வெட்டுனா வேல போச்சு. வேல போனா காம்பரா போச்சு."

காம்பரா என்றால் அறை. மலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. குவார்ட்டர்ஸையும் அவர் அப்படித்தான் சொன்னார்.

"நாங்க ஒரு தடவ காம்பராவ விட்டுக் கெளம்புனவங்க. எங்கம்மா வெளக்க அணைச்சிட்டு, கதவப் பூட்டாம வந்துச்சு. யாருக்குங்க பூட்டுறது? திரும்பிப் போற எடமா அது? இன்னொரு தடவ நான் கெளம்ப மாட்டேன்."

இதுதான் விஷயம். ஒரு வீடு. ஆபரேஷனை அவர் மறுக்கவில்லை, வீட்டை விட்டுப் போவதைத்தான் மறுத்தார். இது தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது.

தோட்டத்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். நம் தீவு வழக்கப்படி இந்தியில் பேசிக்கொண்டோம். விரல் போனால் என்ன, நாற்றங்காலில் உட்கார்ந்தபடி பை நிரப்புகிற வேலை கொடுக்கிறேன், 'க்வார்ட்டர் கஹீ நஹீ ஜாயேகா', குவார்ட்டர்ஸ் எங்கேயும் போகாது என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மாவுக்குக் கேட்க வைத்தேன்.

"போன்ல சொன்னா யாரு பாத்தா?" என்றார். "ஆளு வந்து நேருல சொல்லட்டும்."

சூப்பர்வைசர் மறுநாள் காலையே வருவதாக ஒப்புக்கொண்டார். சர்ஜனிடம் போய் மறுநாளே தியேட்டர் போடச் சொன்னேன். அவர் மூன்றாவது முறை ஏமாறத் தயாராக இல்லை. "கேரன்டி?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன், அதுதான் கேரன்டி என்றேன்.

அந்த அம்மாவும் அதையேதான் கேட்டார். "அவுரு பாட்டுக்கு என்னமோ சொல்லிட்டுப் போயிட்டா? நீங்க நிப்பீங்களா?"

"நிப்பேன்மா."

"அப்ப நான் பச்சத்தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்" என்று தலையணைக்குக் கீழே இருந்த பன்னை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் எத்தனையோ சம்மதப் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பன்னைப் போல ஒரு சம்மதத்தை நான் வாங்கியதில்லை.

மறுநாள் காலை நான் மருத்துவமனைக்குள் நுழையும்போதே உங்கள் பி.ஏ. வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆய்வுக் குழு வந்துவிட்டதாம். வீர் சாவர்க்கர் விமான நிலையத்தில் அவர்கள் இறங்கியதுமே டிரைவர் போன் செய்திருக்கிறார். என் அறையைப் பார்த்தேன். டிரிப் ஸ்டாண்டுகளைக் காணவில்லை. ஜன்னலுக்குத் திரை. உங்கள் பங்களாவிலிருந்து இரண்டு பூந்தொட்டி. எலும்பு டாக்டர் அறையிலிருந்து சோபா. கதவில் பலகை: நடத்தை அறிவியல் பிரிவு, தலைவர். பிரிவில் நான் ஒருத்திதான். தலைவரும் நான்தான், தொண்டரும் நான்தான்.

எனக்கு எதிரே நோயாளியாக உட்கார உங்கள் அலுவலக கிளார்க் ஒருவரையும் அனுப்பியிருந்தீர்கள். பாவம், நேர்மையான மனிதர். "மேடம், க்யா போலூம்? டிப்ரெஷன் போலூம்?" என்று கேட்டார். என்ன வியாதி என்று சொல்வது என்று என்னிடமே கேட்கிறார். வயிற்றுவலி என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றேன்.

அப்போது நீங்கள் சுற்றிப் பார்க்க வந்தீர்கள். நினைவிருக்கிறதா, சார்? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

"சார், மேல சர்ஜரி வார்டுல ஒரு பேஷண்ட் எனக்காகப் பட்டினி இருக்காங்க. நான் போகணும்."

"மேடம், டீம் எப்ப வேணா வரும். வரும்போது ரூம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நான் போகலைன்னா அவங்க ஆபரேஷனுக்கு வர மாட்டாங்க சார்."

"போய்ப் பேசறதுதானே? மத்தியானம் பேசிக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணுங்க. பேஷண்ட் எங்க போகப் போறாங்க?"

சொல்லிவிட்டுப் பூந்தொட்டியைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்திவிட்டுப் போனீர்கள்.

இரண்டு முறை எழுந்து கதவு வரை போனேன். இரண்டு முறையும் உங்கள் பி.ஏ. குறுக்கே நின்றார். "மேடம், ப்ளீஸ் மேடம், என் வேலை போயிடும்" என்றார். வார்டு சிஸ்டருக்குப் போன் போட்டேன். எல்லா நாளும் கிழிந்த விரிப்புப் போடுகிற வார்டில் அன்று புது விரிப்பு மாற்றுவதில் அவர் மூழ்கியிருந்தார். "மேடம் வரும்னு நான் சொல்லிட்டுண்டு" என்றார் மலையாளத் தமிழில். மேடமான நான் சோபாவில் உட்கார்ந்து, கிளார்க்கின் பொய்யான வயிற்றுவலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் சொன்னபடி வந்தாராம். ஆய்வு நாள், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று கேட்டிலேயே காவலாளி நிறுத்திவிட்டார். என் போனுக்கு அடித்திருக்கிறார். குழு வரும் நேரத்தில் மணி அடிக்கக் கூடாது என்று போனைப் பி.ஏ. அதற்குள் வாங்கி வைத்துக்கொண்டார். வெயிலில் நின்று பார்த்துவிட்டு, கூலிக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று பஸ் ஏறிவிட்டார்.

குழு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. நான் என்ன செய்கிறேன் என்று குழுத் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் பதில் சொன்னீர்கள்: ஒவ்வொரு நோயாளிக்கும், எல்லா வார்டிலும், எந்த நேரமும் மனநல ஆதரவு தருகிறோம், சார். அவர் 'வெரி குட்' என்றார். போட்டோ எடுத்தார்கள். கிளார்க் நோயாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கொடுத்த வேஷத்தை அவர் நன்றாகச் செய்தார். டீ ஆறுவதற்குள் குழு போய்விட்டது.

நான் மாடிக்கு ஓடினேன். கட்டிலில் புது விரிப்பு. மேலே யாரும் இல்லை. பக்கத்து வங்காளி அம்மா இந்தியில் சொன்னார்: ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தியேட்டருக்குக் கூட்டிப்போக ஆள் வந்தபோது கொஞ்சம் பொறுங்கள் என்றார். அப்புறம் இந்த வங்காளி அம்மாவிடமே ஒரு வாழைப்பழம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 'கோயி நஹீ ஆயா', யாரும் வரலை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேஷண்ட் எங்கே போகப் போகிறார் என்று கேட்டீர்களே. அபர்டீன் பஜார் வரை நொண்டி நடந்து, பெரார்கஞ்ச் பஸ் பிடித்துப் போனார். வார்டில் அவரைத் 'தப்பி ஓடியவர்' என்று எழுதினார்கள். ஓடுவதற்கு அவருக்குக் கால் எங்கே இருந்தது?

நான் கீழே இறங்கி வந்தபோது பலகையின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேசை இழுப்பறையில் பன் அப்படியே இருந்தது.

மறுநாளே பெரார்கஞ்ச் போக விடுப்புக் கேட்டேன். ஆய்வு நல்லபடியாக முடிந்ததற்கு இனிப்புக் கொடுக்கிற நாள், எல்லா ஊழியர்களும் இருக்க வேண்டும் என்றார்கள். லட்டு. நான் வாங்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில்தான் போக முடிந்தது. வயல்களைத் தாண்டித் தோட்டத்துக்குள் நடந்து போனேன். வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நெருங்கும்போதே புண்ணின் வாடை வந்தது. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"வாங்க, பேசுறவுக" என்றார். "அன்னிக்கு ஏன் வரல?"

"காட்சிக்கு வெச்சிட்டாங்கம்மா."

"யார?"

"என்னத்தான். ஒரு ரூம்ல உக்கார வெச்சிருந்தாங்க. மெயின்லேண்டுலருந்து பெரிய ஆளுங்க பாக்க வந்தாங்க."

அவர் சிரித்தார். அந்தக் காய்ச்சலிலும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அட, இங்கயுமா? மலையிலயும் பெரிய தொர வர்ற அன்னிக்கி லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்களாம். எல்லாரையும் நல்ல சேல கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுவாங்களாம். எங்கம்மா சொல்லும்." மூச்சு வாங்கிவிட்டுச் சேர்த்தார்: "ஆனா கொழுந்து எடுக்க விட்டுருவாங்க. வேலய நிப்பாட்ட மாட்டாங்க."

சார், வேலையை எப்போது நிறுத்தக் கூடாது என்பது தோட்டத்துத் துரைக்கே தெரிந்திருக்கிறது.

சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். அவர் வாசலில் நின்று நேரில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அதையே தமிழிலும் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினார். அந்தக் காட்சி முழுவதும் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்தான். அன்று காலை நீங்கள் எனக்குக் கொடுக்காத நேரமும் அவ்வளவுதான். தோட்டத்து ஜீப்பிலேயே அழைத்து வந்தோம்.

சர்ஜன் கட்டைப் பிரித்துப் பார்த்தார். கையைக் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல், விரல் கதை முடிந்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார். இந்த முறை அவர் பத்து நிமிடம் என்று சொல்லவில்லை. நானே அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் விரிப்பை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"இந்தத் தடவ பன்னு வாங்கலீங்க" என்றார்.

உயிர் பிழைத்தார். வீடு பிழைக்கவில்லை. சூப்பர்வைசர் கொடுத்த வாக்கு விரலுக்கு. முழுக் காலுக்கு அவருக்கு மேலே இருந்தவர்கள் பதில் சொன்னார்கள்: வேலைக்குத் தகுதி இல்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவும். அவர் முதல் நாளிலிருந்து எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்தது. இப்போது கராச்சர்மாவில் மகள் வீட்டில் இருக்கிறார், எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. கிளம்பும்போது கதவைப் பூட்டினாராம். "எங்கம்மா மாதிரி இல்லீங்க. நான் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்று சாவியைக் காட்டினார். அந்தச் சாவியை யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டாலும் சரிங்க தொர என்று சொல்லிவிட்டுக் கொடுக்க மாட்டார்.

அதன் பிறகு ஆண்டு விழா வந்தது. அங்கீகாரம் கிடைத்த கொண்டாட்டம் வேறு. உங்கள் பி.ஏ. என்னிடம் வந்தார். "மேடம், நீங்கதான் தொகுத்து வழங்கணும்னு டீன் சார் சொன்னார். பேச்சுதானே உங்க வேலை?"

மேடையில் மைக் பிடித்து நின்றேன். சர்ஜரி பிரிவுக்கு மனிதநேய சேவைக்கான கேடயம். சிகிச்சைக்குப் பயந்து ஓடிப்போன படிப்பறிவில்லாத ஒரு பெண்மணியை இந்தக் குழு அன்போடு எடுத்துச் சொல்லித் திரும்ப அழைத்து வந்து உயிரைக் காப்பாற்றியது என்று நீங்கள் பேசினீர்கள். சர்ஜன் கேடயத்தை வாங்கும்போது மேடையின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும். உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அப்புறம் பந்தல் போட்டவருக்குப் பொன்னாடை, பூ அலங்காரம் செய்தவருக்குப் பொன்னாடை, மைக் செட்காரருக்கும் பொன்னாடை. நிகழ்ச்சியைத் தொகுத்த மேடத்துக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள் என்றீர்கள். கொடுத்தார்கள்.

உளவியலாளரை மதிக்க வேண்டும், பாராட்ட வேண்டும் என்று இப்போது ஒரு பேச்சு உங்கள் கூட்டங்களில் அடிபடுகிறது. எனக்குப் பாராட்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது இதுதான். சர்ஜன் தியேட்டரில் இருக்கிறார் என்று சொன்னால் நீங்கள் காத்திருப்பீர்கள். ஆய்வுக் குழுவே காத்திருக்கும். கத்தியைப் பாதியில் வைத்துவிட்டுச் சோபாவில் வந்து உட்காருங்கள் என்று அவரிடம் சொல்ல மாட்டீர்கள். அன்று காலை அந்த ஆபரேஷனின் முதல் பாதி என்னிடம் இருந்தது, சார். அதைப் பாதியில் நிறுத்தி என்னைக் கீழே வைத்திருந்தீர்கள். பேச்சுதானே என்று நினைத்தீர்கள்.

இதை எழுதட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. பேர மட்டும் போடாதீங்க. போட்டா அதுக்கும் ஒரு கைநாட்டுக் கேப்பாங்க" என்றார். அதனால் இதில் யார் பெயரும் இல்லை. உங்கள் பெயரும் இல்லை. அந்த அளவுக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இந்த வருட ஆண்டு விழாவுக்கும் என்னையே தொகுத்து வழங்கச் சொல்லியிருக்கிறீர்கள். சம்மதித்துவிட்டேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அன்று யார் என்னைத் தடுத்தது என்று அவர் கேட்டார், உங்களைச் சொன்னேன். அந்தத் துரை வாயாலேயே கேட்க வேண்டும் என்றார். போனில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார், அது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆள் வந்து நேரில் சொல்ல வேண்டும்.

பிரார்த்தனைப் பாட்டு முடிந்ததும் உங்களைப் பேச அழைப்பேன். குத்துவிளக்கைப் பற்றியும் கேடயத்தைப் பற்றியும் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: அன்று காலை என்னை அந்தக் கட்டிலுக்குப் போகவிடாமல் அறையில் உட்கார வைத்தது எதற்காக? தமிழில் சொல்லுங்கள், இந்தியில் சொல்லுங்கள், அவருக்கு இரண்டும் புரியும். சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். எங்கேயும் போகப் போவதில்லை. எல்லோர் முன்னாலும், மைக்கில், பதில் சொல்லுங்கள்.